பாச்சை உருண்டை வாசம்

என் கணவரை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் மலாயில் வந்தது. மகள் ரதி அதைப் படித்துத் தமிழில் சொன்னாள்: "கம்பெனி விதிக்கு மாறாக, தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகளைத் தன் சொந்த முடிவில் பூட்டி வைத்திருந்த ஊழியர்." முப்பத்தொன்பது வருஷம் ஒரே தோட்டத்தில் கிராணியாக ஆபீஸ் கணக்கு பார்த்த மனிதருக்கு அவர்கள் எழுதியது அந்த ஒரு வரிதான். எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தானா? நானும் ஐந்தாம் படிவம் வரை படித்தவள்தான். மீதி வரிகளை நான் எழுதுகிறேன்.

அவர் பெயர் புவனேஸ்வரன். பகாவ் பட்டணத்திலிருந்து அரை மணி நேரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னொரு கடிதம் வரும். அங்கேயே பிறந்தார், அங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்தார், இருபது வயதில் அங்கேயே ஆபீசில் பேனா பிடித்தார். ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டதைப் பார்த்தவர். நம் சனங்கள் ஒவ்வொரு குடும்பமாகச் சிரம்பானுக்கும் நீலாய் பேக்டரிகளுக்கும் போனதையும், காலியான லயத்து வரிசை வீடுகளில் வங்காளதேசத்தான், நேப்பாளி, இந்தோனேசியன், தமிழ்நாட்டுப் பையன் என்று வந்து குடியேறியதையும் பார்த்தவர். கடைசியில் அப்படி வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அறுபத்து மூன்று பாஸ்போர்ட்டும் இவருடைய இரும்பு அலமாரியில் இருந்தன.

இவர் ஏன் அந்த வேலையை அவ்வளவு ஆசையோடு செய்தார் என்று கேட்டால், என் மாமியார் செல்லத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த அம்மாவும் இதே தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் பிறந்த சூராவை, அதாவது பிறப்புச் சான்றிதழை, தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார்; ஒரு நாள் திறந்து பார்த்தால் கரையான் தின்றுவிட்டு மண்ணை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அந்த ஒரு காகிதம் இல்லாததால் சாகும்வரை சிவப்பு அடையாள அட்டைதான். இந்த மண்ணில் அறுபது வருஷம் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவருக்கு ஓட்டு இல்லை, உதவித்தொகை இல்லை, எந்தக் கவுண்டருக்குப் போனாலும் "சூரா மானா?", சூரா எங்கே, என்றுதான் கேட்டார்கள். செத்த பிறகு வந்த மரணச் சான்றிதழிலும் குடியுரிமை இல்லாதவர் என்றுதான் போட்டிருந்தது. அன்று இவர் அழுத அழுகையைப் பிறகு நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

அதனால் யாருடைய காகிதமானாலும் சரி, இவர் கையில் வந்துவிட்டால் அதற்கு ராஜ மரியாதை. ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு தட்டிலும் பாச்சை உருண்டை. மாதம் பிறந்தால் பழைய உருண்டையை எடுத்துவிட்டுப் புதுசு போடுவார். அந்த நாளில் வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் அந்த வாசம் அடிக்கும். "பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தரத் தெரியல, வங்காளதேசத்தான் பாஸ்போர்ட்டுக்கு வாசனை போடத் தெரியுதா?" என்று கேலி செய்வேன். "தொலைஞ்சா தெரியும்லா அருமை," என்பார்.

உள்ளபடியே அவர் அதைப் பாதுகாப்பு என்றுதான் நினைத்தார். தொழிலாளர் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது என்று நம் மலேசிய நாட்டுச் சட்டமே சொல்கிறது. அந்த நோட்டீஸை ஆபீஸ் சுவரில் ஒட்டியவரும் இவர்தான். ஒட்டிவிட்டு அதற்கு நேர் எதிரே இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பாஸ்போர்ட் வேண்டுமென்றால் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கையெழுத்து இல்லாமல் கேட்டவர்கள் இருந்தார்களா, என்ன ஆனார்கள் என்று நானும் கேட்டதில்லை.

செந்தில் கேட்டான். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன். முப்பது வயது இருக்கும். குலை வெட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துவிட்டு, "அக்கா, எங்கம்மா வைக்கிறதவிட ஒரு உப்பு கம்மி," என்று சொல்லிச் சிரிப்பான். நோய்த்தொற்று முடிந்து எல்லைகள் திறந்த வருஷம், ஊரில் அவன் அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். செந்தில் லீவு கேட்டான். மேனேஜர் ரவிச்சந்திரன் நம்ம ஆள்தான், சிரம்பானில் படித்து வந்த பிள்ளை. "ஆளே இல்ல. இப்ப விட்டா திரும்பி வரமாட்டான். கான்ட்ராக்ட் முடியட்டும்," என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் செந்தில் எங்கள் வாசலில் வந்து நின்றான். "அண்ணே, டிக்கெட்டு நான் பாத்துக்கிறேன். என் பாஸ்போர்ட்ட மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே."

"கையெழுத்து இல்லாம நான் எப்படிப்பா தர முடியும்? ரெண்டு வாரம் பொறு, நான் பேசிப் பாக்குறேன்," என்றார் இவர். சாவி அப்போது இடுப்பில்தான் இருந்தது.

பதினோராம் நாள் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். செந்தில் கோயிலுக்குப் பின்னால் இருந்த குழாயடியில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டான். ஊரில் தம்பி கொள்ளி வைப்பதை வாட்சப்பில் காட்டினார்கள். செந்தில் இரண்டு கையையும் கூப்பியிருந்ததால் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர். தீ மூட்டி முடியும்வரை அசையாமல் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே சுவரோடு சாய்ந்து அழுதார். பிறகு ஒரே ஒரு தடவை என்று சொன்னேனே, அது இதுதான்.

அதற்குப் பிறகு மூன்றாவது மாதம் அந்தச் செய்தி வந்தது. எங்கள் கம்பெனியின் எண்ணெயை வாங்கும் பெரிய நாடு ஒன்று, கட்டாய உழைப்பு நடக்கிறது என்று சொல்லி இனி ஒரு சொட்டும் வாங்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. எண்ணெய் போன கப்பல் துறைமுகத்திலேயே நின்றுவிட்டதாம். ஓவர்டைம் நின்றது. கான்ட்ராக்ட் முடிந்த பத்தொன்பது பேரைப் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்பினார்கள். லோரியில் ஏறும்போது அதில் ஒரு நேப்பாளிப் பையன் ஆபீசைப் பார்த்துக் கும்பிட்டான், இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள் என்று. யாருடைய உரிமைக்காகத் தடை போட்டார்களோ அவன் வயிற்றில்தான் முதல் அடி விழுந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையாதான் இருக்கு! நம்ம பூட்டனைக் கப்பல்ல ஆடு மாடு மாதிரி ஏத்திக்கிட்டு வந்தப்ப வெள்ளைக்காரனுக்கு இந்த மனித உரிமை எங்க போச்சு? இப்ப மட்டும் என்னாத்துக்கு அடுத்தவன் வீட்டுல வந்து மூக்க நுழைக்கிறான்?" என்று கத்தினேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, "எங்கம்மாவ எங்கப்பா அடிப்பாரு, தெரியும்லா?" என்றார்.

தெரியும். லயத்தில் யாருக்குத்தான் தெரியாது? சம்பளத்தன்று மத்தியானமே ஆரம்பித்துவிடும். லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டில் இருமினால் ஆறாவது வீட்டில் கேட்கும். ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு யாரும் உள்ளே போகக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதற்கு மாற்றாகப் பெண்கள் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி உலக்கையை எடுத்துப் பலகைச் சுவரில் ஓங்கி இடிப்பாள். இடி விழுந்தால், கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். என் மாமியாருக்கு அடுத்த வீடு பஞ்சாலை என்ற பெண்.

"பஞ்சாலை அத்தை இடிச்சா எங்கப்பா கை நின்னுரும். அடிக்கிறது தப்புன்னு தோணி நிக்கல. இன்னொருத்தி கேக்குறாளேன்னு வெக்கப்பட்டு நின்னுச்சு," என்றார். "அந்த அத்தை ஒண்ணும் யோக்கியமில்ல. அவ புள்ளைங்கள அவளே விறகுக் கட்டையால அடிப்பா. ஆனா அன்னிக்கு எங்கம்மா மண்டை ஒடையாம இருந்ததுக்கு அந்த உலக்கைதான் காரணம்."

நான் விடுவேனா? "ஆமா, இடிச்சிட்டு அவ பாட்டுக்குப் போயி சோறாக்குவா. மறுநாளு 'ஊரக் கூட்டுறியா?'ன்னு அதுக்கும் சேத்துல்ல உங்கம்மா வாங்குனாங்க? இடிக்கிறவளுக்கு ஒண்ணுமில்ல. உள்ள இருக்கிறவளுக்குத்தான் எல்லாம்," என்றேன்.

"அதுவும் உண்மைதான்," என்றார். கை கழுவப் போய்விட்டார்.

தடையை எடுக்க வேண்டுமானால் விசாரணைக் குழு வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கம்பெனி அவசர அவசரமாக லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஆளுக்கொரு லாக்கர் வந்தது, பச்சைப் பெயிண்ட் காயாமல். மேனேஜர் இவரைக் கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னார். குழு வரும் நாள் காலைப் பெரட்டில், அதாவது விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரத்தில், பாஸ்போர்ட்டையும் லாக்கர் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். கேட்டால் ஆரம்பத்திலிருந்தே எங்களிடம்தான் இருக்கிறது என்று சொல்லப் பழக்க வேண்டும். மறுநாள் பெரட்டில் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிட வேண்டும்.

"புவனே அண்ணே, எட்டு மாசத்துல நீங்க ரிட்டயர் ஆகப் போறீங்க. அதுக்கப்புறமும் அந்த வீட்டுல நீங்க இருந்துக்கலாம், நான் பேசிட்டேன்," என்று மேனேஜர் சேர்த்துச் சொன்னாராம். அந்த வீட்டைத்தான் நான் முப்பத்து மூன்று வருஷமாகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நான் வைத்த முருங்கை கூரைக்கு மேல் போயிருந்தது. ஒரு வார்த்தை மாறினால் வீடு போகும், கடைசியில் வர வேண்டிய மரியாதை போகும் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

குழு வருவதற்கு முதல்நாள் செந்தில் வந்தான். மொட்டைத் தலையில் முடி இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. இவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நாளைக்கி உண்மையச் சொல்லிப்புடாதீங்க."

"ஏன்டா, நீயா சொல்ற?"

"ஆமாண்ணே. தடை நீண்டுச்சுன்னா அடுத்த லோரியில நாங்கதான். வெறுங்கையோட ஊருக்குப் போயி எந்த மூஞ்சியக் காட்டுறது? அம்மாதான் போயிருச்சு. தங்கச்சியாவது கரை சேரணும்ல. வெளியில இருந்து வர்றவங்க நாளைக்கே பிளேனு ஏறிப் போயிருவாங்க. நாங்க இங்கனதானே கெடக்கணும்."

இவர் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செந்தில் போன பிறகு நான், "புள்ளையே சொல்லிட்டான். வாய மூடிக்கிட்டு இருங்க," என்றேன். சரி என்றுதான் தலையாட்டினார்.

மறுநாள் விருந்தாளிகளுக்குத் தேநீரும் வடையும் போட என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். குழுவில் நான்கு பேர். தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய வெள்ளைக்கார அம்மா. தமிழ் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்க்கக் கோலாலம்பூரிலிருந்து இந்துமதி என்று ஒரு பெண் வந்திருந்தாள். தோட்டத்துச் சபா மண்டபத்தில் லாக்கர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொருவனும் தன் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினான். பழக்கிக் கொடுத்ததை ஒப்பித்தான். மேனேஜர் முகம் மெல்லத் தெளிந்தது. நானும் மூச்சு விட்டேன்.

செந்திலின் முறை வந்தது. அந்த அம்மா பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்தாள். பிரித்தவள் சற்று நின்றாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு முன்னால் காட்டியவர்களின் பாஸ்போர்ட்டுகளையும் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். கடைசியில் குனிந்து லாக்கருக்குள் தலையை விட்டாள். அங்கே பச்சைப் பெயிண்ட் வாசம் மட்டும்தான் அடித்தது.

இந்துமதி கேட்டாள்: "எல்லா பாஸ்போர்ட்டும் ஒரே மாதிரி பாச்சை உருண்டை வாசம் அடிக்குதாம். லாக்கர்ல அந்த வாசம் இல்லையேன்னு கேக்குறாங்க."

செந்தில் என்னைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான். "நான்... நான் போட்டிருந்தேன். தீந்துபோச்சு," என்றான்.

மேனேஜர் கெட்டிக்காரர். சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, "எங்க கிராணி ரொம்ப அக்கறையானவரு. எல்லாருக்கும் அவர்தான் பாச்சை உருண்டை வாங்கிக் குடுப்பாரு. இல்லையா அண்ணே?" என்றார்.

ஆம் என்று தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு தலையாட்டல். நான் தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு, முருகா, முருகா என்று உள்ளுக்குள் கூவினேன்.

இவர் மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. செந்திலைப் பார்த்துத்தான் பேசினார். "அது என் அலமாரி வாசம். பாஸ்போர்ட்டு இன்னிக்கிக் காலையிலதான் அவுங்க கைக்கு வந்துச்சு. நாளைக்கி நான் திருப்பி வாங்கணும். இவன் அம்மா படுத்துக் கெடந்தப்ப என்கிட்ட கேட்டான். நான் குடுக்கல."

இந்துமதி மொழிபெயர்க்க வாயைத் திறக்கும் முன் இவரே அதைத் தன் தோட்டத்து ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொன்னார். அந்த வெள்ளைக்கார அம்மா கேட்டாள், கொடுக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்று.

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு," என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் பிற்பாடு கடிதமாக வந்தது. அந்த அம்மா எழுதிக்கொண்டாள், கை கொடுத்தாள், நன்றி சொன்னாள், காரில் ஏறினாள். இன்றுவரை அவளிடமிருந்து ஒரு சேதி இல்லை. கம்பெனி உள்விசாரணை நடத்தியது. தவறு செய்தது ஓர் ஊழியர், அவர் நீக்கப்பட்டார், இனி நடக்காது என்று அந்த நாட்டுக்கு அறிக்கை அனுப்பியது. தடை போட்ட ஏழாவது மாதம் அது நீங்கியது. ரவிச்சந்திரனுக்குப் பெரிய தோட்டத்துக்கு மாற்றல். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"மேனேஜர் பேரச் சொல்லியிருக்கலாம்ல! வாய் அவிஞ்சா போச்சு?" என்று நான் சண்டை போட்டேன். சாமான்களைக் கட்டும்போதும் போட்டேன். முருங்கை மரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே லோரியில் வரும்போதும் போட்டேன்.

"அவரு சொன்னாரு. பூட்டுனது நான்தான," என்றார்.

இப்போது சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். இவர் பேரங்காடி ஒன்றில் தள்ளுவண்டிகளை அடுக்கும் வேலைக்குப் போகிறார். முதல் இரண்டு மாதம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. வெளிநாடு தலையிட்டது சரியா என்று என்னைக் கேட்டால், இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த நேப்பாளிப் பையன் கும்பிட்டது கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அன்று கொடுத்த பாஸ்போர்ட்டுகளை மறுநாள் பெரட்டில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் இல்லை. இன்றும் அவை அவரவரிடம்தான் இருக்கின்றன. நம் சட்டம் சுவரில் ஒட்டியிருந்தும் நடக்காதது, வெளியிலிருந்து யாரோ இடித்த பிறகுதான் நடந்தது. எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது உண்மை.

போன மாதம் ஒரு காலையில் செந்தில் வந்தான். அம்மாவுக்கு முதல் வருஷத் திதி; ஊருக்குப் போகிறான். லீவு கேட்கவில்லையாம், சொல்லிவிட்டு வந்தானாம். மத்தியானம் விமானம். பகாவிலிருந்து பஸ்ஸில் வந்ததில் வேர்த்துக் கொட்டியது. இவர் காலில் விழப் போனான்; இவர் பதறிப் பின்வாங்கி, "டேய், விடுலா, விடு," என்றார். நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். "மொதல்ல குளிச்சிட்டு வா," என்று துண்டைக் கொடுத்தேன்.

செந்தில் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தான். அதே பிளாஸ்டிக் உறை. வாசம் இன்னும் போகவில்லை. பழக்கத்தில் இவரிடம் நீட்டினான். "அண்ணே, இத சித்த வச்சிருங்க. குளிச்சிட்டு வந்துர்றேன்."

இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்பா," என்றார். "குளிக்கும்போதும் உன் கூடவே வச்சுக்க."

செந்தில் பாஸ்போர்ட்டைத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை இவர் கையை முன்னால் கொண்டுவரவில்லை.